விருந்தினர் நகர்வுக் குழு

டெல்லியிலிருந்து வரும் இரண்டு பேரை பெங்களூர் விமான நிலையத்திலிருந்து ஓசூர் ஓட்டலுக்கு டாக்ஸியில் அழைத்து வருவதா, ஷட்டில் வண்டியில் அழைத்து வருவதா என்று முடிவு செய்ய கம்பெனி ஒரு குழு அமைத்தது. அதற்கு விருந்தினர் நகர்வுக் குழு என்று பெயர். பெயர் வைப்பதற்கே ஒரு கூட்டம் நடந்தது. வரவேற்புக் குழு என்று யாரோ சொன்னதை, கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிப்பது போல இருக்கிறது என்று நிர்வாகத் தலைவர் சென்னகிருஷ்ணன் தள்ளிவிட்டார்.

விமல்ராஜ் அந்தக் குழுவில் கடைசி உறுப்பினன். பயணப் பிரிவில் எழுத்தர் வேலை. முடிவு எதுவானாலும் யாராவது ஒருவர் விமான நிலைய வாசலில் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும் அல்லவா, அந்த ஒருவர் அவன். கூட்டங்களில் அவன் வாய் திறந்ததில்லை. பி.காம். படித்தவன், வயது முப்பதைத் தொடவில்லை, மனைவியை இழந்தவன். இந்த மூன்றில் எது காரணம் என்று யாரும் கேட்டதில்லை.

வருகிறவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. பாதுகாப்பு விருதுக்காகக் கம்பெனியைச் சோதிக்க வரும் தணிக்கையாளர்கள். விருது கிடைத்தால் வெளிநாட்டு ஆர்டர் வரும். வண்டிகளுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கும் கம்பெனி அது. உள்ளே ஆயிரக்கணக்கான பெண்கள் நின்றபடியே ஒயரை வளைத்து, சுற்றி, டேப் ஒட்டுவார்கள். விமல்ராஜின் மனைவி மாதேஸ்வரியும் அப்படி நின்றவள்தான்.

மார்கழிப் பனியில் முதல் ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு பாகலூர் ரோட்டில் வந்த வேன், விளக்கில்லாமல் ஓரத்தில் நின்ற கிரானைட் லாரியின் பின்னால் போய் மோதியது. பலருக்கு அடி. மாதேஸ்வரி மட்டும் இறந்தாள். அன்றைய முதல் ஷிப்ட் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கியது. அந்தத் தாமதத்துக்கு மட்டும் கம்பெனியில் ஓர் அறிக்கை எழுதப்பட்டது.

கம்பெனி வாசலில் ஒரு பெரிய பலகை உண்டு. 'விபத்தில்லாத நாட்கள்' என்று எழுதி, கீழே எண் இருக்கும். காரியம் முடித்து வேலைக்குத் திரும்பிய அன்று விமல்ராஜ் அதன் முன்னால் நின்றான். எண் குறைந்திருக்கும் என்று நினைத்திருந்தான். அவன் லீவில் இருந்த நாட்களையும் சேர்த்து அது ஏறியிருந்தது.

பாதுகாப்பு அதிகாரி ராஜப்பனிடம் போய்க் கேட்டான். ராஜப்பன் கெட்டவர் இல்லை. உட்கார வைத்து, டீ வரவழைத்து, தோளில் கை வைத்து விளக்கினார். கேட்டுக்கு உள்ளே நடந்தால்தான் விபத்து, வெளியே நடந்தால் அது சம்பவம்.

"வண்டி காண்ட்ராக்டரோடது. ரோடு கவர்மென்டோடது. லாரி எவனோடதுன்னே தெரியல. பனியை யாரு கணக்குல எழுதறது, சொல்லு?"

"அப்போ அவ யாரோட ஆளுங்க சார்?"

ராஜப்பன் உண்மையாகவே யோசித்தார். "உன் சம்சாரம்பா அவ" என்றார்.

விமல்ராஜுக்கு அதற்குப் பிறகு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பலகையில் ஒரே ஒரு நாள் பூஜ்யம் எழுதவேண்டும். மறுநாள் ஒன்று என்று எழுதிக்கொள்ளட்டும், அதற்கு மறுநாள் இரண்டு. ஒரு நாள் போதும். மாமியார் மாதம்மாள்கூட இதைக் கேட்டுவிட்டு, "பலகையில எழுதினா எம் பொண்ணு எழுந்து வருவாளா சாமி" என்றாள். வரமாட்டாள் என்பது அவனுக்கும் தெரியும். மனுக்கள் கொடுத்தான். எல்லா மனுவும் ராஜப்பனுக்கே திரும்பி வந்தன. ராஜப்பன் ஒவ்வொரு முறையும் டீ வரவழைத்தார்.

தணிக்கையாளர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அவர்களிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று விமல்ராஜுக்குத் தோன்றியது. கம்பெனிக்குள் அவர்களிடம் நெருங்க முடியாது. பக்கத்தில் எப்போதும் நான்கு அதிகாரிகள் இருப்பார்கள். ஆனால் விமான நிலையத்திலிருந்து ஓட்டல்வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கம்பெனி விதிப்படி டாக்ஸி என்றால் முன் சீட்டில் துணைக்கு ஒரு பணியாளர் உட்கார்ந்து வரவேண்டும். ஷட்டில் என்றால் காண்ட்ராக்டரின் ஆளே ஏற்றி இறக்குவார். கம்பெனி ஆள் அட்டையைக் காட்டிவிட்டு பஸ் பிடித்து ஊர் வந்து சேரவேண்டியதுதான்.

ஆகவே டாக்ஸியா ஷட்டிலா என்று உண்மையில் கவலைப்பட்ட ஒரே உறுப்பினன் அவன். மற்றவர்கள் பேசத்தான் செய்தார்கள்.

இரண்டாவது கூட்டத்தில் ராஜப்பன் ஷட்டிலுக்காகப் பேசினார். பலர் சேர்ந்து போகும் வண்டி என்பதால் சுற்றுச்சூழலுக்கு மார்க் உண்டு. அதைவிட முக்கியம், டாக்ஸி அத்திப்பள்ளி வழியாக வரும், ஷட்டில் மாலூர் தாண்டிப் பாகலூர் ரோட்டில் வரும். பாகலூர் ரோட்டில் கம்பெனி வைத்த விழிப்புணர்வுப் பலகை இருக்கிறது. 'மெதுவாகச் செல்லவும். வீட்டில் உங்களுக்காக ஒருவர் காத்திருக்கிறார்.' லாரி நின்ற அதே இடத்துக்கு எதிரே, மறு வாரமே அதை நட்டிருந்தார்கள். பலகையின் படம் விருது விண்ணப்பத்தில் சமூகப் பொறுப்பு என்ற பக்கத்தில் வண்ணத்தில் அச்சாகியிருந்தது. அங்கே ஏன் வைத்தீர்கள் என்று விண்ணப்பத்தில் கேள்வி இல்லை.

சென்னகிருஷ்ணனுக்கு டாக்ஸி கௌரவமாகப் பட்டது. ஆனால் பயமும் இருந்தது. முன்பு ஒருமுறை கர்நாடக டாக்ஸியில் வந்த ஜப்பான்காரர் ஒருவரை, தமிழ்நாட்டு பர்மிட் இல்லை என்று டிரைவர் மாநில எல்லையில் அத்திப்பள்ளியிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். அவர் பெட்டியை உருட்டிக்கொண்டு இரண்டு மாநிலங்களுக்கு நடுவே நடந்து வந்தார். ஜூஜூவாடியில் இளநீர் விற்கும் கிழவி ஒருத்திதான் அவரை வரவேற்றாள். அந்த வருடம் ஜப்பான் ஆர்டர் வேறு யாருக்கோ போயிற்று.

ஒரு முடிவுக்கும் வர முடியாததால் ஒத்திகை பார்ப்பது என்று தீர்மானித்தார்கள்.

ஒத்திகையில் பெரிய தணிக்கையாளராக விமல்ராஜ் நடிக்கவேண்டும். சின்னவராகக் கேன்டீன் மேற்பார்வையாளர். இருவரையும் விமான நிலையம்வரை அனுப்பி, அங்கிருந்து விருந்தினர்களாக ஷட்டிலில் திரும்பி வரச் சொன்னார்கள். பெட்டி கனமாக இருந்தால்தான் உண்மையாக இருக்கும் என்று கேன்டீனிலிருந்து பருப்பு மூட்டையை அதில் அடைத்தார்கள். கேன்டீன்காரர் ஹொசக்கோட்டை வருவதற்குள் உண்மையாகவே தூங்கிவிட்டார். விருந்தினர் தூங்கக்கூடிய வண்டி என்று முன் சீட்டில் கூட வந்த ராஜப்பன் குறித்துக்கொண்டார்.

ஷட்டில் என்பது ஒரு வேன். புது முன்பக்கம், புது வெள்ளைப் பெயிண்ட், புது சீட்டு, ஜன்னலுக்குத் திரை. விமல்ராஜ் ஜன்னலோரம் உட்கார்ந்து கையைக் கம்பியில் வைத்தபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. கம்பிக்குக் கீழே, சட்டத்தில், வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகள். ஒட்டுப்பொட்டுகள். விடியற்காலை ஷிப்டுக்கு ஓடிவந்து ஏறும் பெண்கள் வேனில் வைத்துத்தான் முகம் துடைப்பார்கள், பழைய பொட்டை எடுத்து ஜன்னல் சட்டத்தில் ஒட்டிவிட்டுப் புதியதை வைத்துக்கொள்வார்கள். பெயிண்ட் அடித்தவன் அவற்றைச் சுரண்டவில்லை. மேலேயே அடித்துவிட்டான்.

பாகலூர் தாண்டியதும் ராஜப்பன் பின்னால் திரும்பினார். "இங்க விருந்தினர் வலது பக்கம் பார்க்கணும் விமலு. போர்டு வலதுலதான் இருக்கு."

விமல்ராஜ் இடது பக்கம் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. சாலையோரத்தில் மண், கொஞ்சம் புல்.

பயணம் எப்படி இருந்தது என்று கேட்டபோது குலுக்கல் இல்லை என்றான். இருக்கவும் இல்லை. ஷட்டில்தான் என்று ராஜப்பன் அன்றே டெல்லிக்கு மெயில் அனுப்பிவிட்டார்.

மூன்றாவது கூட்டத்தில் ராஜப்பன் ஒரு கட்டம் போட்ட தாளைத் திரையில் காட்டினார். ஆபத்து மதிப்பீடு. எந்த வண்டியில் எவ்வளவு ஆபத்து என்று எண் போட்டுக் கூட்டினால் முடிவு தானாக வந்து விழும், மனிதர்கள் யோசிக்கவேண்டியதில்லை. டாக்ஸிக்குப் போட்டார்கள். ஷட்டிலுக்கு வந்தார்கள். இந்த வண்டிக்கு முன்பு ஏதாவது நடந்திருக்கிறதா என்ற கட்டத்தில், இல்லை என்று ராஜப்பன் எழுதினார்.

"நடந்திருக்குதுங்க சார்" என்றான் விமல்ராஜ்.

அவன் குரலைக் குழு அன்றுதான் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது லேடீஸ் வேன்பா" என்றார் ராஜப்பன். "இது விருந்தினர் ஷட்டில்."

"அதே வண்டிதாங்க சார். முன்பக்கம் மாத்தியிருக்காங்க. பெயிண்ட் அடிச்சிருக்காங்க. அடியில பொட்டு அப்படியே இருக்குதுங்க."

காண்ட்ராக்டருக்குப் போன் போட்டார்கள். அவர் மறைக்கவில்லை. வண்டி நல்ல வண்டி, வீணாக்க மனசு வரவில்லை என்றார். கேன்டீன்காரர் தான் அதில் தூங்கியதை நினைத்துப் பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது.

சென்னகிருஷ்ணன் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் அது பேச்சு. இந்தக் கம்பெனியில் பாதுகாப்புதான் முதல் தெய்வம், உற்பத்திகூட அதற்குப் பிறகுதான் என்று தொடங்கினார். ஓர் உயிர் போன வண்டியில் விருந்தினரை ஏற்றுவதை நினைத்தாலே தன் உடம்பு பதறுகிறது என்றார். அந்த வேன் இப்போதும் தினமும் முதல் ஷிப்டுக்கு ஓடுகிறதே, திரையை மட்டும்தானே கழற்றுகிறார்கள் என்று கேன்டீன்காரர் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். சென்னகிருஷ்ணன் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"இங்கதான் எல்லாரும் குழப்பிக்கறீங்க. தொழிலாளிக்கு ஒண்ணு ஆச்சுன்னா நமக்கு வருத்தம். விருந்தினருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நமக்கு ஆபத்து. நாம இப்போ போடறது ஆபத்து மதிப்பீடு. வருத்தத்துக்கு இதுல கட்டம் இல்ல."

ஷட்டில் கட்டத்தில் 'ஆம்' என்று எழுதப்பட்டது. எண் எகிறியது. டாக்ஸி ஒருமனதாக வென்றது. தீர்மானத்தில் காரணத்தையும் எழுதினார்கள்: மேற்படி வாகனத்தில் முன்னர் நிகழ்ந்த உயிரிழப்பைக் கருத்தில் கொண்டு.

விமல்ராஜ் அந்த வரியைத் திரையில் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் செத்ததைக் கம்பெனி எழுத்தில் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. இரண்டு பேர் சொகுசாக வருவதற்காக.

"சார், அப்போ கேட்டுல இருக்கற பலகை..." என்று தொடங்கினான்.

"அது வேற குழு" என்றார் சென்னகிருஷ்ணன்.

டாக்ஸி ஓட்ட வந்தவன் கோபி. ஓசூர் பக்கம் தளிக்காரன், விமல்ராஜைவிட இரண்டு மூன்று வயது சின்னவன். வீட்டில் கன்னடம், மாமியார் வீட்டில் தெலுங்கு, சவாரிக்குத் தமிழ். வழியில் எதைப் பேசலாம் என்று சென்னகிருஷ்ணன் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஓசூரின் குளிர், ரோஜா, சந்திரசூடேஸ்வரர் மலைக்கோவில். இவற்றில் விமல்ராஜுக்கு எதைப் பற்றியும் சொல்ல ஒன்றும் இல்லை.

பெரிய தணிக்கையாளர் நரைத்த மீசைக்காரர், பல வருடமாக டெல்லியில் இருக்கும் தமிழர். உடன் வந்த அனிதா இளம்பெண், எதையும் உடனே கணினியில் பதிந்துகொள்பவள். இருவரும் பின் சீட்டில் ஏறியதும் பெரியவர் பெல்ட்டை இழுத்து மாட்டி, அது கிளிக் என்று விழும் சத்தத்தை ரசித்தார். பின் சீட்டில் பெல்ட் போடாதவர்களை நான் மனிதராகவே மதிப்பதில்லை என்றார்.

நகரத்தைத் தாண்டி, மேம்பாலங்கள் தாண்டி, அத்திப்பள்ளிவரை விமல்ராஜ் பேசவில்லை. அங்கே கோபி தமிழ்நாட்டு பர்மிட்டுக்குப் பணம் கட்டுவதற்காக ஓரமாக நிறுத்தினான். பணம் கட்டும் இயந்திரம் மக்கர் செய்கிறது, கொஞ்சம் நேரமாகும் என்று இறங்கிப் போய் கவுன்டர் ஜன்னலில் வரிசையில் நின்றான். லாரிகள் இருபுறமும் உறுமிக்கொண்டு நின்றன.

விமல்ராஜ் திரும்பி உட்கார்ந்தான். சொன்னான். பாகலூர் ரோடு, பனி, லாரி, வேன். பலகையில் எண் குறையாதது. கம்பெனியை மூடச் சொல்லவில்லை, யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை, நாளைக்குப் பலகையைப் பார்க்கும்போது இந்த எண் சரிதானா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்றான். ஒரு நாள் பூஜ்யம் எழுதினால் போதும். அவன் குரலில் அழுகை இல்லை. எங்கோ பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்வது போலத்தான் இருந்தது. அவனுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

அனிதா கணினியைத் திறந்தாள். "அவங்க பேரு?"

"மாதேஸ்வரி."

"பேரு வேண்டாம்மா" என்றார் பெரியவர் மென்மையாக. "தம்பி, எனக்கு உங்க வேதனை புரியுது. ஆனா எங்க வேலை கேட்டுல ஆரம்பிச்சு கேட்டுல முடிஞ்சிடும். வெளிய நடக்கறதை நாங்க பார்க்க ஆரம்பிச்சா உலகத்தையே இல்ல தணிக்கை பண்ணணும்."

விமல்ராஜ் தலையாட்டினான்.

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "எங்களுக்கு முதல்ல ஷட்டில்னுதானே மெயில் வந்தது. டாக்ஸின்னு ஏன் மாத்தினாங்க?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஷட்டிலும் அதே வண்டிங்கறதால, சார். அதுல ஒருத்தர் இறந்துட்டாங்கன்னு கமிட்டியில எழுதி, மாத்தினாங்க."

"எழுத்துலயா?"

"ஆமாங்க சார்."

பெரியவர் முகம் மலர்ந்தது. அனிதா பக்கம் திரும்பினார். "பாத்தியா? நடந்ததுல இருந்து பாடம் கத்துக்கறது. எத்தனை கம்பெனியில இதைத் தேடியிருக்கோம், ஒருத்தன்கிட்டயாவது இருந்துச்சா? இதுக்கு முழு மார்க் போடு. சாட்சி, பணியாளர் நேர்முகம்னு எழுதிக்கோ."

அனிதா ஒரு கணம் விமல்ராஜைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்.

கோபி திரும்பி வந்து கதவைத் திறந்தபோது மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டல் வாசலில் சென்னகிருஷ்ணன் மாலையோடு நின்றார். பெட்டிகளை இறக்கும்போது கோபி, "என்னண்ணா, பேயடிச்ச மாதிரி இருக்கீங்க" என்று கேட்டான். மார்க் வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்றான் விமல்ராஜ். கோபிக்குப் புரியவில்லை. நல்ல விஷயந்தானே என்றான்.

தணிக்கை நடந்தது. கம்பெனிக்கு விருது அறிவிக்கப்பட்டது. நிறைவு விழாவில் பெரியவர் பேசினார். ஒரு நிறுவனத்தின் மனசாட்சி எங்கே தெரியும் என்றால் அது விருந்தினரை எந்த வண்டியில் ஏற்றுகிறது என்பதில் தெரியும் என்றார். இந்தக் கம்பெனி ஒரு துயரத்தை வீணாக்கவில்லை, அதன் பலனைத் தானே நேரில், குளிர்சாதன வசதியோடு, அனுபவித்ததாகச் சொன்னார். நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் கைதட்டினார்கள். கைதட்டி முடித்ததும் லைனுக்குத் திரும்பச் சொல்லியிருந்தார்கள், அதனால் கொஞ்சம் அதிக நேரம் தட்டினார்கள்.

சென்னகிருஷ்ணன் விமல்ராஜை மேடைக்குப் பக்கவாட்டில் பிடித்து முதுகில் தட்டினார். அந்த ஒரு மார்க்கில்தான் பக்கத்து கம்பெனியை முந்தியிருக்கிறோம் என்றார். அவனுக்கு என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்றார். விமல்ராஜ் கேட்டான். அவர் அவன் முதுகிலிருந்து கையை எடுத்தார்.

"விபத்தில்லாத நாளுக்குத்தான்பா இந்த விருதே. இப்போ போய் பூஜ்யம் எழுதினா விருதைத் திருப்பிக் கொடுக்கணும். மாதேஸ்வரி வாங்கிக் கொடுத்த விருது இது. அதைப் போய் நீயே கெடுக்கலாமா?"

மதியம் தணிக்கையாளர்கள் கிளம்பினார்கள். கம்பெனி வாசலுக்கு உட்புறம் வெள்ளை வேன் வந்து நின்றது. பெரியவர் அதைப் பார்த்தார், சென்னகிருஷ்ணனைப் பார்த்தார்.

"டாக்ஸி இல்லையா?"

சென்னகிருஷ்ணன் அவர் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். "வரும்போது விருந்தினரா வந்தீங்க சார். இப்போ ரிசல்ட் வந்தாச்சு. இனிமே நீங்க நம்ம குடும்பம். குடும்பத்துக்கு ஷட்டில்தான்."

சுற்றி நின்ற அதிகாரிகள் சிரித்தார்கள். பெரியவரும் சிரிக்க முயன்றார். விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அனிதா ஏற்கெனவே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் படியில் ஒரு காலை வைத்து, பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த விமல்ராஜிடம் குனிந்தார்.

"தம்பி, அந்த வண்டியா இது?"

"ஆமாங்க சார்."

"எந்தப் பக்கமா போகும்?"

"பாகலூர் பக்கமாத்தாங்க சார்."

பெரியவர் ஏறினார். காண்ட்ராக்டரின் ஆள் கதவை இழுத்து மூடினான். கண்ணாடி வழியாக விமல்ராஜுக்குத் தெரிந்தது, பெரியவர் சீட்டின் இடது பக்கம் கைவிட்டுத் துழாவினார், பிறகு வலது பக்கம், பிறகு எழுந்து சீட்டுக்குப் பின்னால். அந்த வேனில் எந்த சீட்டுக்கும் பெல்ட் கிடையாது. அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே காவலாளி சல்யூட் அடித்தான், வண்டி கேட்டுக்கு வெளியே போனது.